எந்தச் சர்வரிலும் பக்கத்து நாட்டுக்காரன்தான் நூப்

டோட்டா 2 என்ற இணைய விளையாட்டை ஆடத் தொடங்கிய முதல் மாதத்திலேயே பிலிப்பைன்ஸ்காரர்களின் தகாலோக் மொழியில் இரண்டு சொல் கற்றுக்கொண்டுவிட்டேன். ஒன்று ‘போபோ’. மக்கு, மட்டி என்று அர்த்தம். இன்னொன்றை இங்கே எழுத முடியாது, அம்மா சம்பந்தப்பட்டது. நன்றி சொல்வதற்கு ‘சலாமத்’ என்று ஒரு சொல் இருப்பது தெரியவர மேலும் இரண்டு வருடம் ஆனது. அந்தச் சர்வரில் நன்றி சொல்லும் சந்தர்ப்பம் அவ்வளவாக வராது.

இந்தியாவுக்கென்று தனியாகச் சர்வர் இருந்தது. ஆனால் ராத்திரியில் பத்துப் பேர் சேருவதற்குள் கால் மணி நேரம் போய்விடும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் நேராகக் கேபிள் போகிறது. பிங், அதாவது சர்வருக்குப் போய்வரும் தாமதம், சமாளிக்கிற அளவில்தான் இருக்கும். அதனால் எங்கள் செட் முழுக்க தென்கிழக்கு ஆசியா சர்வரில்தான் குடியிருந்தது. ஆங்கில எழுத்துகளைச் சேர்த்து அதைச் ‘சீ’ என்பார்கள். தமிழ்க் காதுக்கு அருவருப்பில் சொல்வது போலிருக்கும், பல நாள் பொருத்தமாகவும் இருக்கும். அங்கே மலேசியாக்காரன் பிலிப்பைன்ஸ்காரனைத் திட்டுவான், பிலிப்பைன்ஸ்காரன் இந்தோனேசியாக்காரனைத் திட்டுவான், மூவரும் சேர்ந்து ‘இண்டியா நூப்’, அதாவது ஆடத் தெரியாதவன், என்று எங்களை முடிப்பார்கள். பிறகு பார்த்தால் மேற்கு ஐரோப்பா சர்வரில் எல்லாப் பழியும் ரஷ்யர்கள் மேல். அமெரிக்கக் கிழக்குக் கரை சர்வரில் பெரு நாட்டுக்காரர்கள் மேல். தோற்றதற்கு நான் காரணமில்லை என்றால் வேறு யாரோ காரணமாக இருந்தாக வேண்டும். மொழி புரியாத ஒருவன் நம் அணியிலேயே கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறான். அவ்வளவுதான் இதன் தத்துவம்.

இந்த ஆட்டம் தெரியாதவர்களுக்காக: ஒரு பக்கம் ஐந்து பேர், எதிரே ஐந்து பேர், சராசரியாக நாற்பது நிமிடம், எதிரியின் கோட்டையை உடைக்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை தி இன்டர்நேஷனல் என்ற உலகப் போட்டி. சுருக்கமாக டிஐ. 2011-ல் ஜெர்மனியின் கொலோன் நகரில் தொடங்கியது. 2021-ல் மொத்தப் பரிசு 4 கோடி டாலரைத் தாண்டியது, அதில் பெரும்பங்கு ரசிகர்களே ஆட்டத்துக்குள் பொருள் வாங்கிச் சேர்த்த காசு. அணிகள் நாடு வாரியாக அல்ல, வட்டாரம் வாரியாகத் தகுதி பெறும்: சீனா, மேற்கு ஐரோப்பா, கிழக்கு ஐரோப்பா, தென்கிழக்கு ஆசியா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா. சண்டை முழுக்க இந்த ஆறுக்குள்.

எனக்குக் கிண்டல் பழகிய இடம் திருச்சியில் கல்லூரி விடுதி. அப்போது டோட்டா ஒன்று, வார்கிராஃப்ட் என்ற வேறொரு விளையாட்டுக்குள் ஆடும் மேப்பாகத்தான் இருந்தது. லேன் கேபிளை ஜன்னல் வழியாக இழுத்து மெக்கானிக்கல் பிளாக்கும் இசிஇ பிளாக்கும் மோதும். தோற்ற பிளாக் மறுநாள் மெஸ்ஸில் நுழையும்போது தட்டைத் தட்டித் தாளம் போடுவோம். என்ன சொன்னாலும் யாரும் கோபித்துக்கொண்டதில்லை. ஏனென்றால் தோற்றவன் எப்படித் தோற்றான் என்று நாங்கள் பக்கத்தில் நின்று பார்த்திருந்தோம். ‘டேய், ஷேடோ ஃபீண்டை வச்சிக்கிட்டு முப்பது நிமிஷம் மரம் வெட்டினியே’ என்றால் அது அவன் செய்த காரியம். அவனும் சிரித்தாக வேண்டும். தோற்றவன் டீ வாங்கித் தர வேண்டும் என்ற சட்டமும் இருந்ததால் கிண்டல் டீயோடு முடிந்துவிடும். கிண்டலுக்கு ஒரு முடிவு வைத்திருந்தோம் என்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரியவில்லை.

வேலைக்குச் சிங்கப்பூர் வந்த பிறகு எனக்கு இரண்டு பேர் கிடைத்தார்கள். ஒருவர் பக்கத்து மேசைக்காரர், சீனாவின் செங்டூ நகரத்துக்காரர், எல்ஜிடி அணியின் வெறியர். இன்னொருவர் மணிலாக்காரர், எங்களைவிட வயதில் மூத்தவர். அவர்கள் ஊரில் அண்ணனைக் ‘குயா’ என்பார்கள், அலுவலகமே அவரைக் குயா என்றுதான் கூப்பிடும். மதியம் ஹாக்கர் சென்டர் என்கிற பொது உணவுக்கூடத்தில் மூவரும் ஒரே மேசை. சோற்றைவிடப் பேச்சுதான் அதிகம் செல்லும்.

செங்டூக்காரரோடு பேசுவதற்கென்றே நான் சீன டோட்டாவின் சரித்திரத்தை உட்கார்ந்து படித்தேன். அதில் ஒரு விசேஷம் உண்டு. 2012 டிஐயை இன்விக்டஸ் கேமிங் எடுத்தது, 2014-ல் நியூபீ, 2016-ல் விங்ஸ், மூன்றும் சீனா. ஒற்றைப்படை வருடங்களில் மேற்கத்திய அணிகள்: 2011 நாவி, 2013 அலையன்ஸ், 2015 ஈவில் ஜீனியஸ், 2017 லிக்விட். ஆக 2018 சீனாவின் வருடம் என்று உலகமே ஒப்புக்கொண்டிருந்தது. வான்கூவரில் இறுதிப் போட்டி. எல்ஜிடி 2-1 என்று முன்னிலை. நாலாவது ஆட்டம் கையில் இருந்தது. எதிரணியான ஓஜியின் செப், ஆக்ஸ் பாத்திரத்தை வைத்துக் குதித்து எதிராளிகளைப் பிடித்து நிறுத்தினார் பாருங்கள், அத்தோடு ஆட்டம் திரும்பியது. ஐந்தாவதையும் ஓஜி எடுத்தது. இரட்டைப்படை சாஸ்திரம் அங்கே செத்தது. அதற்குப் பிறகு ஒரு சீன அணியும் டிஐ வென்றதில்லை.

‘இரட்டைப்படை என்றால் உங்கள் ஊரில் வேறு கணக்கா?’ என்று நான் ஆரம்பிப்பேன். அவர் விடமாட்டார். ‘நாங்கள் தோற்ற இறுதிப் போட்டியாவது உனக்குத் தெரியும். நீங்கள் தோற்ற இறுதிப் போட்டி எது, சொல் பார்ப்போம்’ என்பார். இந்தியாவுக்கு டிஐ மேடையில் தோற்பதற்குக்கூட ஒரு அணி இருந்ததில்லை. நான் குயாவின் தோளில் சாய்ந்து ‘நான் சீ கட்சி’ என்பேன். உடனே அவர் 2013-க்குப் போய்விடுவார்: மலேசியாவின் ஆரஞ்ச் அணி மூன்றாம் இடம் வரை வந்தது, நாவிக்கு எதிரான தீர்மான ஆட்டத்தில், கீழே கிடந்த ஏஜிஸை எடுப்பதற்குப் பதில் அவர்கள் வீரர் கைதவறி அடித்து உடைத்துவிட்டார். மறுபிறவி தரும் பொருள், டிஐ கோப்பைக்கும் அதே பெயர்தான். உடைந்தது உடைந்ததுதான். ‘உங்கள் கட்சிக்குச் சாமியே வரம் கொடுத்தாலும் சுத்தியல் எடுத்து உடைப்பீர்கள்’ என்பார் செங்டூக்காரர். குயா கையை நெஞ்சில் வைத்து ‘அது மலேசியா, நாங்கள் இல்லை’ என்று கட்சி மாறுவார். 2016-ல் டிஎன்சி என்ற மணிலா அணி, கோப்பையைத் தூக்கும் என்று எல்லோரும் சொன்ன ஓஜியை 2-0 என்று வீட்டுக்கு அனுப்பியதைத்தான் அவர் பேசுவார். அது ஒன்றை வைத்து அவர் ஆறு வருடம் ஓட்டினார்.

அதே டிஎன்சியில் 2017 டிஐ ஆடிய கனடா வீரரின் பெயர் தீபன் சிவா. அந்தப் பெயரை முதல்முதலாகத் திரையில் பார்த்தபோது நான் நிமிர்ந்து உட்கார்ந்தது எனக்கே சிரிப்பாக இருந்தது. கட்சி எப்படித் தொடங்குகிறது என்று பிறகு யாரும் எனக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தது நான்.

2021 அக்டோபர், புக்கரெஸ்ட்டில் பத்தாவது டிஐ. கொரோனாவால் ஒரு வருடம் தள்ளிப்போய், அரங்கில் பார்வையாளர் இல்லாமல் நடந்தது. மறுபடியும் எல்ஜிடி இறுதிப் போட்டியில். எதிரே டீம் ஸ்பிரிட் என்ற கிழக்கு ஐரோப்பிய அணி, பாதிப் பேருக்கு முதல் வாரம் வரை பெயரே தெரியாது. முதல் இரண்டு ஆட்டமும் ஸ்பிரிட்டுக்கு. அடுத்த இரண்டையும் எல்ஜிடி பிடித்து 2-2 ஆக்கியது. ஐந்தாவதில் ஸ்பிரிட்டின் வீரர் கொலாப்ஸ், மேக்னஸ் பாத்திரத்தை எடுத்து எல்ஜிடியைக் கட்டி இழுத்துக்கொண்டே இருந்தார். முடிந்தது.

அலுவலகத்தில் ஆட்டக்காரர்களுக்கென்று ஒரு வாட்ஸாப் குழு இருந்தது, நாற்பது பேர் இருப்போம். கடைசிக் கோட்டை உடைந்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் தட்டினேன்: ‘உலகத்தில் எல்லாப் பொருளுக்கும் டூப்ளிகேட் போடுகிற ஊர், ஒரு ஏஜிஸுக்கும் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே.’ பதினோரு பேர் சிரிப்புப் பொம்மை போட்டார்கள். எனக்கு மிதப்பு. தூங்கப் போகும்முன் பார்த்தேன், அவர் குழுவிலிருந்து வெளியேறியிருந்தார்.

மறுநாள் மதியம் அவர் சாப்பிட வரவில்லை. அதற்கு மறுநாளும். கேட்டால் ‘வேலை இருக்கிறது’. நான் முதலில் நினைத்தது, ஆள் தோல்வியைத் தாங்கவில்லை என்று. குயாதான் தட்டை ஒதுக்கிவைத்துவிட்டுச் சொன்னார்: ‘அவர் ஊருக்குப் போய் இரண்டு வருடம் ஆகிறது, தெரியுமா? தெருவில் அவரைப் பார்த்து ஆட்கள் தள்ளிப்போன வருடம் இது. நீ எல்ஜிடியைப் பேசவில்லை ப்ரோ.’

பிறகு குயாவே 2018 கதையைச் சொன்னார். அந்த நவம்பரில் இரண்டு பிலிப்பைன்ஸ் வீரர்கள், வெவ்வேறு அணிக்காரர்கள், சில நாள் இடைவெளியில் ஆட்டச் சாட்டில் சீனர்களை இழிவாகச் சொல்லும் ஒரே சொல்லைத் தட்டினார்கள். ‘சீ’ சர்வரில் அது அன்றாடம் பறக்கிற சொல்தான். சீன ரசிகர்கள் கொதித்துவிட்டார்கள். அந்த இருவரில் ஒருவர், தன் அணியான டிஎன்சியோடு 2019 ஜனவரியில் சோங்சிங்கில் நடந்த மேஜர் போட்டிக்குப் போக முடியாது என்று ஆட்டத்தை நடத்தும் வால்வ் நிறுவனமே அறிவித்தது. அணி அதைப் பூசி மெழுகப் பார்த்ததும் அந்த முடிவுக்கு ஒரு காரணம். ‘அப்போது நான் எங்கள் பக்கம் நின்று ஊரெல்லாம் சண்டை போட்டேன், எல்லோரும் சொல்கிற சொல்தானே என்று’ என்றார் குயா. ‘எல்லோரும் என்றால் யார்? நாங்கள்தான்.’

நான் செங்டூக்காரரிடம் மன்னிப்புக் கேட்டதும் ஒழுங்காக நடக்கவில்லை. முதலில் ‘உங்களைப் புண்படுத்தியிருந்தால் மன்னிக்கவும்’ என்று மெசேஜ் எழுதி அழித்தேன். அது கம்பெனி அனுப்புகிற மெயில் மாதிரி இருந்தது. கடைசியில் பேன்ட்ரியில் காபி மெஷின் பக்கத்தில் வைத்து நேரிலேயே சொன்னேன். நான் எழுதியது ஆட்டத்தைப் பற்றியே இல்லை, நாட்டைப் பற்றி, அது தப்பு, குழுவில் எழுதியதால் குழுவிலேயே சொல்கிறேன் என்றேன். அவர் கப்பை நிரப்பி முடிக்கும்வரை பேசவில்லை. பிறகு சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: ‘எல்ஜிடியைப் பற்றி நீ ஏதாவது அனுப்புவாய் என்று போனைப் பிடித்துக்கொண்டு தயாராகத்தான் உட்கார்ந்திருந்தேன். ஐந்தாவது ஆட்டத்தில் மேக்னஸை எதிரணி எடுக்க முடியாதபடி தடை பண்ணாமல் விட்டார்கள். அதைக் கேட்டிருக்கலாமே. நானே இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.’

யோசித்துப் பாருங்கள், கிண்டல் செய்ய அவ்வளவு பெரிய விஷயம் கண்ணெதிரே கிடந்தது. நான் ஆட்டத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. பாதி நேரம் மீம் தேடிக்கொண்டிருந்தேன். சொல்ல ஆட்டம் இல்லாதபோதுதான் கை நாட்டின் பக்கம் போகிறது. அன்றிலிருந்து எனக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: ஒரு வரி தட்டுவதற்கு முன், இது எந்தப் போட்டி, எத்தனையாவது ஆட்டம், என்ன நடந்தது என்று கேட்டால் பதில் இருக்க வேண்டும். இல்லையென்றால் அது கிண்டல் இல்லை, சும்மா வசவு. சீன ரசிகர்கள் 2013-ல் நாவி டோங்ஃபூவைத் தோற்கடித்ததை இன்றும் வைத்துச் சண்டை போடுவார்கள். பட்ஜ் என்ற பாத்திரத்தின் கொக்கியையும் சென் என்ற பாத்திரத்தின் மந்திரத்தையும் சேர்த்து எதிராளியை நாவியின் கோட்டைக்குள் இருக்கும் ஊற்றுக்கே இழுத்துப்போட்டுக் கொன்ற தந்திரம் அது. பின்னால் வால்வ் அதை ஆட்டத்திலிருந்தே எடுத்துவிட்டது. பத்து வருடப் பகை, ஆனால் என்ன சுவாரசியமான பகை! கேட்டால் இரண்டு தரப்பும் நிமிடக் கணக்கோடு வாதாடும். யாரும் யாருடைய மூக்கையும் கண்ணையும் பற்றிப் பேசுவதில்லை.

நேரம் இன்னொரு விஷயம். தோற்றவனுக்கு முதல் அரை மணி நேரம் அவனுடையது. அதில் நாம் புகக்கூடாது. முதல் வார்த்தை அவன் வாயிலிருந்து வந்தால் அவனே கதவைத் திறந்துவிட்டான் என்று அர்த்தம், பிறகு வெளுத்து வாங்கலாம். ஒரே வரி இடத்துக்கு இடம் வேறாகிவிடும் என்பதையும் அந்த வாட்ஸாப் குழுதான் காட்டியது. ஹாக்கர் சென்டரில் மூன்று பேருக்குள் சொன்னால் பதிலுக்கு அவர் என் தலையில் ஒன்று வைத்திருப்பார். நாற்பது பேர் முன்னால், அதில் அவருடைய மேனேஜரும் இருக்க, பதினோரு சிரிப்புப் பொம்மையோடு வந்தால் அவர் என்ன செய்வார்?

ஆட்டத்துக்குள்ளே வருகிற வசவு வேறு ரகம். அங்கே எதிரே இருப்பவன் யாரென்றே தெரியாது, நாற்பது நிமிடத்துக்குப் பிறகு பார்க்கவும் போவதில்லை. மியூட் பொத்தான்தான் சரியான மருந்து, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் மியூட்டுக்கு முன்னால் ஒன்று செய்து பார்ப்பேன், குயா சொல்லிக்கொடுத்தது. ஒருநாள் நான் சப்போர்ட், அதாவது துணை ஆட்டக்காரன்; எங்கள் கேரி, அதாவது முக்கியமாக அடிக்கிறவன், பிலிப்பைன்ஸ்காரன். மூன்றாவது நிமிடத்தில் நான் செய்த தப்பால் அவன் செத்தான். ‘போபோ இண்டியா’ என்று வந்தது. பழைய நான் என்றால் பதிலுக்கு இரண்டாவது சொல்லைப் போட்டிருப்பேன். ‘ஸாரி குயா, என் தப்பு, வார்டு வைக்கிறேன்’ என்று தட்டினேன். வார்டு என்றால் எதிரி வருவதைக் காட்டும் காவல் பொருள். கொஞ்ச நேரம் மௌனம். அப்புறம் வரைபடத்தில் ஒரு இடத்தைச் சுட்டி ‘இங்கே வை’ என்றான். ஆட்டம் முடிவதற்குள் என்னை ‘பாய்’ என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டான், இந்தியாக்காரன் என்றால் பாய்தான் என்று நினைப்பு. தோற்றுத்தான் போனோம். ‘சலாமத்’ என்று முதல்முறை அந்தச் சர்வரில் பார்த்தது அன்றுதான். எல்லாத் தடவையும் பலிக்காது, பத்துக்கு மூன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

டோட்டாவிலேயே கிண்டலுக்கென்று கருவிகள் உண்டு, அவை எனக்குப் பிடிக்கும். எதிராளி சொதப்பும்போது ‘டிப்’ கொடுப்பது, பிச்சைக்காசு போடுவது மாதிரி. சாட் வீல் என்ற பொத்தான் சக்கரத்தில் வர்ணனையாளர்களின் குரல்கள். பிலிப்பைன்ஸ் வர்ணனையாளர் ஒருவர் கத்திய ‘லகாட் மத்தாத்தாக்! நோர்மாலின், நோர்மாலின்!’ என்பதை மொழி தெரியாத உக்ரைன்காரன்கூட அழுத்துவான். 2019-ல் ஓஜி டிஐ மேடையிலேயே இந்தக் குரல்களை அழுத்தி அழுத்தி எதிரணியின் பொறுமையைச் சோதித்தார்கள், கோப்பையையும் எடுத்தார்கள். இதில் ஒரு சௌகரியம், சொல்லை நாம் தட்டுவதில்லை. ஏற்கெனவே எல்லோரும் சிரித்த ஒன்றைத்தான் அழுத்துகிறோம். எல்லை மீற இடமே இல்லை.

2022-ல் டிஐ எங்கள் வாசலுக்கே வந்தது. முதல் வாரம் சன்டெக் மாநாட்டு மையத்தில், கடைசி இரண்டு நாள் காலாங்கில் இன்டோர் ஸ்டேடியத்தில். செங்டூக்காரர் மறுபடி மேசைக்கு வந்து மாதங்கள் ஆகியிருந்தன, ஆனால் கிண்டல் இன்னும் பழைய வேகத்துக்கு வரவில்லை. அதைத் திருப்பிக் கொண்டுவந்தது அவர்தான். பங்கேற்கும் அணிகளின் பட்டியலைக் காட்டி, ‘உன் நாட்டு அணி வந்திருக்கிறதே, வாழ்த்துகள்’ என்றார். என்டிட்டி. இந்தியாவில் தொடங்கிய நிறுவனம்தான், ஆனால் ஐந்து வீரர்களில் இந்தியர் ஒருவர்கூட இல்லை, எல்லோரும் ஐரோப்பா பக்கம். ‘பெயர் உங்களுடையது, விரல்கள் அவர்களுடையது. டூப்ளிகேட் யார் போடுகிறார்கள் இப்போது?’ என்றார். ஒரு வருடம் வட்டி போட்டுத் திருப்பிக் கொடுத்தார் மனுஷன். நானும் குயாவும் மேசையில் அடித்துச் சிரித்தோம். அன்றைக்குத்தான் எனக்கு மூச்சு வந்தது.

நேரில் போட்டி பார்ப்பது வேறு அனுபவம். திரையில் ‘சீனா’ என்று ஒரே மொத்தையாகத் தெரிந்தது அரங்கில் பக்கத்து நாற்காலியாகிவிடுகிறது. அந்த டிஐயில் எல்ஜிடி கடைசி வார இறுதிக்கு வரவில்லை. சீனா சார்பில் மிஞ்சியது ஆஸ்டர் மட்டும். ‘இனி ஆஸ்டருக்குத்தானே கத்துவீர்கள்?’ என்று கேட்டேன். முகத்தைச் சுளித்தார் பாருங்கள்! எல்ஜிடி ரசிகர்களுக்கும் ஆஸ்டர் ரசிகர்களுக்கும் உள்ளுக்குள் நடக்கிற சண்டை எங்கள் மொத்த வட்டாரச் சண்டையைவிடப் பெரிது போலிருக்கிறது. வெளியூரில் போய் ‘தமிழ்நாடு’ என்று ஒரு சொல்லில் முடித்துக்கொண்டு, வீட்டுக்குள் மதுரையா கோவையா என்று மல்லுக்கட்டுகிறோமே, அது மாதிரிதான். கடைசியில் பல்லைக் கடித்துக்கொண்டு ஆஸ்டருக்குக் கைதட்டினார். லிக்விட் அவர்களை வீட்டுக்கு அனுப்பியபோது அவருக்கு வருத்தமா நிம்மதியா என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

‘சீ’ அணி ஒன்றுகூட அந்த வார இறுதிக்கு வரவில்லை. சொந்த மண்ணில், சொந்தக் கூட்டத்துக்கு முன்னால். குயா இரண்டு நாளும் டிஎன்சி டீ-ஷர்ட்தான் போட்டிருந்தார், டிஎன்சி அந்தப் போட்டியிலேயே இல்லை. பின்வரிசையில் இந்தோனேசியப் பையன்கள் நாலு பேர் அதைப் பார்த்துவிட்டு ‘லகாட் மத்தாத்தாக்’ என்று கத்தினார்கள். குயா எழுந்து திரும்பி அவர்களுக்குத் தலைவணங்கினார். இடைவேளையில் அந்தப் பையன்கள் எங்களுக்கும் சேர்த்துத் தண்ணீர் பாட்டில் வாங்கிவந்தார்கள். ஆன்லைனில் இதே இரண்டு கட்சியும் ஒருவரையொருவர் என்னென்ன சொல்லிக்கொள்ளும் என்பதற்கு என்னிடம் வருடக்கணக்கில் சாட்சி இருக்கிறது.

இறுதிப் போட்டி டுண்ட்ராவுக்கும் சீக்ரெட்டுக்கும். 2011 முதல் ஒரு டிஐயையும் விடாமல் ஆடிய சீக்ரெட் தலைவர் பப்பிக்காக அரங்கில் பாதிக்குமேல் கத்தியது என்று நினைக்கிறேன், வட்டாரக் கணக்கெல்லாம் அங்கே போய்விட்டது. டுண்ட்ரா 3-0 என்று முடித்துக் கையைத் தட்டிக்கொண்டு போனது. ஸ்டேடியம் எம்ஆர்டி ரயில் நிலையத்துக்கு நடக்கும்போது மூன்று பேரும் சேர்ந்து திட்டுவதற்கு ஒரு பொது எதிரி கிடைத்த சந்தோஷம்.

செங்டூக்காரர் இப்போது ஊரோடு போய்விட்டார். குயா வேறு கம்பெனி. மூவருக்கும் ஒரு குழு இருக்கிறது, மூன்றே பேர். வட்டாரச் சண்டையும் முன்னைப்போல் இல்லை. 2025 செப்டம்பரில் ஹாம்பர்க்கில் நடந்த டிஐயை வென்ற ஃபால்கன்ஸ் சவூதி நிறுவனம். ஐந்து வீரர்களும் ஐந்து நாட்டுக்காரர்கள், ரஷ்யா, ஜோர்டான், ஸ்லோவாக்கியா, டென்மார்க், அமெரிக்கா. அதில் இருவர் காலாங்கில் எங்கள் கண்முன் டுண்ட்ரா சட்டையில் கோப்பையைத் தூக்கியவர்கள். இவர்களை எந்த ஊர் பெயர் சொல்லிக் கிண்டல் செய்வது?

ஆனால் எதிரே இருந்தது சீனா. எக்ஸ்ட்ரீம் கேமிங். அதில் ஆமே என்ற வீரர். 2018-ல் எல்ஜிடிக்காக 2-3 என்று தோற்றவர். 2021-ல் எல்ஜிடிக்காக 2-3. ஹாம்பர்க்கிலும் ஐந்தாவது ஆட்டம் வரை வந்து, மறுபடி 2-3. மூன்று இறுதிப் போட்டி, மூன்றும் ஒரே கணக்கு. ஃபால்கன்ஸ் ஆட்கள் கட்டிப்பிடித்துக்கொள்ளும்போது கேமரா ஆமேவின் பக்கம் போனது, எனக்கே தொண்டை அடைத்தது. போனை எடுத்துக் கவிழ்த்து வைத்தேன். பாத்திரம் கழுவினேன். குயாவும் குழுவில் ஒன்றும் எழுதவில்லை.

ஒரு மணி நேரம் கழித்துப் போன் அதிர்ந்தது. செங்டூக்காரர்தான். ‘2-3, 2-3, 2-3. எங்கள் ஆள் தரம் மாறாதவன்.’

கதவு திறந்துவிட்டது. குயா முந்திக்கொண்டார்: ‘தொழிற்சாலைத் தயாரிப்பு அப்படித்தான், மூன்றும் அச்சு அசல்.’ எனக்கு ஒரு கணம் பகீரென்றது. பதிலுக்குச் சிரிப்புப் பொம்மை வந்தது. பழைய விஷயத்தை அவர்கள் இருவரும் எப்போது பேசி முடித்தார்கள் என்று தெரியவில்லை. அடுத்து அவரே எழுதினார்: ‘அடுத்த டிஐ 2026. இரட்டைப்படை. அதுவும் ஷாங்காயில். எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.’

நான் எழுதினேன்: ‘2019-ம் ஷாங்காயில்தான். எல்ஜிடி மூன்றாவது. இறுதிப் போட்டியில் சீன அணியே இல்லை.’

கொஞ்ச நேரம் ‘தட்டச்சு செய்கிறார்’ என்று காட்டிக்கொண்டே இருந்தது. பிறகு ஒரே சொல் வந்தது, குயா கற்றுக்கொடுத்த மொழியில்.

‘போபோ.’